நாடகம் மேடையேறும்வரை யார் யாருக்கு என்ன வேலை?

நாடகம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் நடிகர்களைப் பற்றிப் பேசுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இயக்குநரைப் பாராட்டுவார்கள், இல்லையென்றால் திட்டுவார்கள். ஆனால் திரை விலகிய பிறகு இயக்குநருக்கு ஒரு வேலையும் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து நகம் கடிக்கலாம், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரமும் நாடகத்தை ஓட்டுகிறவர், மேடையின் பக்கவாட்டு இருட்டில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மேடை நிர்வாகி. அவரை யாரும் பார்ப்பதில்லை, யாரும் பேசுவதும் இல்லை.

சினிமா பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். சினிமாவில் 'கட்' சொல்லலாம், இன்னொரு டேக் போகலாம். நாடகம் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. ஆகவே யார், எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து, கையில் எதோடு வரவேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் ஆளும் வைத்துவிட வேண்டும். நாடகக்காரர்கள் புழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டாயத்தில் பிறந்தவை.

வெறும் சொற்பட்டியலாகப் போட்டால் மனதில் நிற்காது. அதனால் ஒரு சின்னக் காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். கிராமத்து வீட்டுக் கூடம், இரவு நேரம். சென்னையிலிருந்து வந்திருக்கும் அண்ணன் வீட்டை விற்கவேண்டும் என்கிறார். ஊரிலேயே இருக்கும் தம்பிக்கு மனசில்லை. அம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். வாக்குவாதம் முற்றி, தம்பி 'சரி, கொடு' என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறான். அந்த நொடியில் கரண்ட் போகிறது. இருட்டு. சற்று நேரத்தில் அம்மா அரிக்கேன் விளக்கோடு உள்ளேயிருந்து வருகிறாள். வெளிச்சத்தில் பார்த்தால் மேசைமேல் பத்திரம் இல்லை.

எழுதுகிறவர் 'கரண்ட் போகிறது' என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தைக்காக ஐந்தாறு பேர் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிரதி

எழுதப்பட்ட நாடகத்தைத் தமிழ்நாட்டில் பிரதி அல்லது ஸ்கிரிப்ட் என்கிறோம். இலங்கையில் எழுத்துரு என்பார்கள். பெரிய பிரிவு அங்கம், அதற்குள் வரும் சிறிய பிரிவு காட்சி. பாத்திரங்கள் பேசுவது வசனம் அல்லது உரையாடல். அடைப்புக்குறிக்குள் 'உள்ளேயிருந்து வருகிறாள்', 'மௌனம்' என்றெல்லாம் இருப்பது மேடைக்குறிப்பு. மேடையில் தனியாக நிற்கும் பாத்திரம் தன் மனதுக்குள் ஓடுவதை வாய்விட்டுப் பேசினால் அது தனிமொழி.

மேடைக்குறிப்பை எவ்வளவு தூரம் பின்பற்றுவது என்பது பழைய தகராறு. சில நாடக ஆசிரியர்கள் நாற்காலி எந்த மூலையில் இருக்கவேண்டும் என்பதுவரை எழுதுவார்கள், சிலர் ஒரு வரிகூட எழுதமாட்டார்கள். வசனத்தில் கைவைக்க ஆசிரியரின் அனுமதி வேண்டும். நாற்காலியை இயக்குநர் தாராளமாக நகர்த்தலாம் என்பது என் கட்சி.

பிரதி நாடகக்காரர்களுக்குள் முடிந்துபோகும் விஷயமாகவும் இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி, பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. அதுவரைக்கும் அனுமதிக்கு அலைவதும் குழுவில் ஒருவருடைய வேலையாக இருந்தது.

மேடை எத்தனை வகை?

பள்ளி ஆண்டுவிழாவிலும் சபாக்களிலும் நாம் பார்க்கும் மேடைக்குப் படச்சட்ட மேடை என்று பெயர். மூன்று பக்கமும் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகளும் ஆங்கில நாடகக் குழுக்களும் வந்துபோனதில் இந்த மேடை நம் ஊரில் வேரூன்றியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபா, படித்த உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் இத்தகைய மேடையில் ஏறி நடிக்க வழிசெய்தது. முதலியாரே பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தவர்.

தெருக்கூத்தில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். ஆடும் இடத்தைக் களரி என்பார்கள். மட்டக்களப்புக் கூத்தில் வட்டக்களரி. நாலா பக்கமும் ஆட்கள், நடுவில் ஆட்டம். இது வெறும் வடிவ வேறுபாடு இல்லை. வட்டக்களரியில் ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு முதுகைக் காட்டித்தான் ஆகவேண்டும், அதனால் சுற்றிச் சுற்றி ஆடுவார். படச்சட்ட மேடையில் எல்லாமே ஒரு திசையைப் பார்த்து நடக்கவேண்டும். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆட்டத்தின் திசைகளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. விடிய விடிய நடந்ததைச் சுருக்கவும் வேண்டியிருந்தது. 'இராவணேசன்' அந்த முயற்சியில் வந்த பெயர்பெற்ற நாடகம்.

மேடையை அளந்து கட்டுவது நமக்குப் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஓர் ஆடரங்கின் அளவையே தருகிறது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. மேடைப் பலகைக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல் இடைவெளி. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வாசல். தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கை வைக்கவேண்டும் என்ற குறிப்புதான் எனக்கு மிகப் பிடித்தது. இன்றைக்கும் விளக்கு அமைக்கிறவர் ஏணியில் நின்றுகொண்டு முணுமுணுக்கும் பிரச்சினை அதுவேதான். திரைகளும் மூன்று சொல்லப்படுகின்றன. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய அரங்கங்களில் இருப்பவையும் இந்த மூன்று ஏற்பாடுகள்தான்.

மேடையில் திசை

'வலது பக்கம் போ' என்று இயக்குநர் சொல்கிறார். யாருடைய வலது? கீழே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு வலது என்றால் மேலே நிற்கும் நடிகருக்கு அது இடது. இதற்கு ஒரே விதி: பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலதுதான் மேடை வலம், அவரின் இடதுதான் மேடை இடம். இயக்குநர்தான் தலைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பார்வையாளருக்கு அருகில் உள்ள பகுதி முன்மேடை, தள்ளி உள்ளது பின்மேடை. குழுக்களில் டவுன் ஸ்டேஜ், அப் ஸ்டேஜ் என்று சொல்வதைத்தான் அதிகம் கேட்பீர்கள். ஐரோப்பாவின் பழைய மேடைகள் பின்பக்கம் உயர்ந்து சரிவாக இருந்தன, பின்னால் போவது மேலே ஏறுவதாகவே இருந்தது. நம் மேடை சமதளம் என்றாலும் பேச்சு அப்படியே தங்கிவிட்டது. வலம், நடு, இடம் என்று மூன்றாகவும், முன், நடு, பின் என்று மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டம் கிடைக்கும். நம் காட்சியில் மேசை நட்டநடுவில், அம்மா பின்மேடை இடத்தில், வாசல் மேடை வலத்தில் என்று வைத்துக்கொள்வோம்.

மேடையின் இரு பக்கமும் தொங்கும் கறுப்புத் துணிகள் விங்ஸ். உள்ளே நுழையவேண்டிய நடிகர் அதற்குப் பின்னால்தான் காத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அங்கே நின்று பார்வையாளர்களை எட்டிப் பார்ப்பதுண்டு. உங்கள் கண்ணுக்கு அவர்கள் தெரிந்தால் அவர்கள் கண்ணுக்கு நீங்களும் தெரிவீர்கள். இதை ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைப்பீர்கள், போதாது. பின்னால் தொங்கும் திரை பின்திரை. ஒப்பனை நடக்கும் அறை கிரீன் ரூம், அதில் எங்கேயும் பச்சை இருக்காது.

படச்சட்ட மேடையில் திறந்திருக்கும் அந்த நான்காவது பக்கத்தில் ஒரு சுவர் இருப்பதாக நடிகர்கள் பாவிப்பார்கள். அண்ணனும் தம்பியும் எண்ணூறு பேர் பார்க்கிறார்கள் என்பது தெரியாத மாதிரி சண்டை போடுகிறார்கள் அல்லவா, அதுதான் நான்காம் சுவர். தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு இந்தச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ராஜா வந்தால் 'நீங்கள் யார், எந்த ஊர்' என்று சபைக்காகக் கேட்பதும், பதிலை எளிமையாக்கிச் சொல்வதும், நடுவில் அந்த ஊர் விவகாரத்தை நுழைத்துக் கிண்டலடிப்பதும் அவன் உரிமை. கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான்.

இயக்குநர், நடிகர், ஒத்திகை

இயக்குநர் என்ற ஆள் இல்லாமலேயே தமிழில் நெடுங்காலம் நல்ல நாடகங்கள் நடந்திருக்கின்றன. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் திருவிழா இரவுகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. பபூன், டான்ஸ்காரர், ஹார்மோனியம், மிருதங்கம், பக்கத்தில் உட்கார்ந்து சத்தங்கள் எழுப்பும் ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைய இரவுதான் அந்தக் குழு. மேடையில் ஏறி விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடத்திவிட்டு அவரவர் பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

இது எப்படி முடிகிறது? எல்லோருக்கும் ஒரே பிரதி மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாடல்களும் வசனமும்தான் பொது முதலீடு. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் யார் எவ்வளவு நேரம் இழுத்தாலும் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். காடு, தர்பார், வீதி என்று எழுதிய திரைகளும் தயாராக இருக்கும். ஒத்திகை செய்யவேண்டிய வேலையை மரபு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. வசனமே இன்னும் எழுதி முடியாத புதிய நாடகத்துக்கு இந்த வசதி இல்லை, அதனால்தான் அதற்கு இயக்குநர் தேவைப்படுகிறார்.

பாய்ஸ் கம்பெனிகளில் அந்த இடத்தில் வாத்தியார் இருந்தார். சுவாமிகளே 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை அமைத்துப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்கள். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தப் பொறுப்பு அண்ணாவியாருடையது. யாருக்கு எந்த வேடம் என்று முடிவுசெய்து அவரவர் பாட்டை எழுதிக் கையில் தருவதற்குச் சட்டம் கொடுத்தல் என்றே ஒரு நிகழ்ச்சி உண்டு. இன்றைய நாடகங்களில் இலங்கையில் நெறியாளர் என்பார்கள், இங்கே இயக்குநர். தமிழ்நாட்டில் நவீன நாடக இயக்கத்துக்கான பயிற்சி பரவ 1977-ல் பேராசிரியர் சே. இராமானுஜம் காந்திகிராமத்தில் நடத்திய பட்டறை ஒரு முக்கியக் காரணம். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும் அதே ஆண்டில் தொடங்கியதுதான்.

சரி, இயக்குநர் என்ன செய்கிறார்? முதலில் பாத்திரத் தேர்வு. அப்புறம் வாசிப்பு: எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிரதியைப் படிப்பார்கள். படிக்கும்போதே கேள்விகள் வரும். பத்திரத்தை அம்மாதான் எடுத்தாளா? எடுத்தாள் என்றால் எந்த வரியில் முடிவு செய்தாள்? கரண்ட் போனபிறகா, அல்லது பூ கட்டிக்கொண்டிருந்தபோதேயா? வசனத்தில் இதற்குப் பதில் இருக்காது. வசனத்துக்கு அடியில் ஓடும் இந்த விஷயத்தை உள்ளோட்டம் எனலாம். நடிகர் நடிப்பது இதைத்தான். வசனத்தை மட்டும் நடித்தால் ஒப்பித்தல் ஆகிவிடும்.

அடுத்தது பிளாக்கிங். யார் எங்கே நிற்கிறார், எந்த வரியில் நகர்கிறார், எந்த வரியில் உட்கார்கிறார் என்பதை முடிவுசெய்வது. தம்பி கையெழுத்துப் போடும்போது அவன் முகம் தெரியவேண்டும், பத்திரமும் தெரியவேண்டும், அம்மா அவனைப் பார்ப்பதும் தெரியவேண்டும். தம்பி முன்மேடையில் குனிந்து நின்றுவிட்டால் பின்மேடையில் இருக்கும் அம்மா மறைந்துபோவாள். ஆகவே மேசையைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, அண்ணனை வலப்பக்கம் தள்ளி நிறுத்தவேண்டும். பார்க்கிறவர்கள் கண் எங்கே போகவேண்டும் என்பதை இயக்குநர் இப்படித்தான் தீர்மானிக்கிறார். அவர் கையில் கேமரா இல்லை.

சபா நாடகங்களில் நெடுங்காலம் இந்த வேலையை மைக்தான் செய்துகொண்டிருந்தது. மேடையின் முன்பகுதியில் மேலேயிருந்து வரிசையாக மைக்குகள் தொங்கும். நடிகர்கள் ஒவ்வொருவராக அதனடியில் வந்து நின்று வசனம் பேசிவிட்டு நகர்வார்கள். நாடகம் ரேடியோ கேட்பது மாதிரி இருக்கிறது என்று பலர் குறைபட்டதற்குப் பாதிக் காரணம் எழுத்து, மீதிக் காரணம் அந்த மைக்குகள்.

நடிகர்கள் பிரதியைக் கீழே வைத்துவிட்டு நடிக்கத் தொடங்கிய பின்தான் ஒத்திகைக்கு உயிர் வரும். அதுவரை கையில் காகிதம் இருப்பதால் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது. வரி மறந்தால் எடுத்துக்கொடுப்பவர் பிராம்ப்டர். கூத்திலும் ஏட்டை வைத்துக்கொண்டு அடி எடுத்துக்கொடுக்கிறவர் உண்டு. நல்ல பிராம்ப்டருக்கு ஒரு தனித் திறமை வேண்டும்: நடிகர் வேண்டுமென்றே விட்ட மௌனம் எது, மறதியில் விழுந்த மௌனம் எது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

பொருள், உடை, ஒளி, ஒலி

காட்சி அமைப்பாளர் கூடத்தை உருவாக்குகிறார். நிஜக் கூடம் வேண்டியதில்லை. இரண்டு தூண், ஒரு கதவுச் சட்டம் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கட்டிக்கொள்வார். இதற்கு நேரெதிர்த் திசையில் போனவர் ஆர்.எஸ். மனோகர். 'இலங்கேஸ்வரன்' போன்ற அவருடைய புராண நாடகங்களுக்குப் பிரமாண்ட அரங்கமும் தந்திரக் காட்சிகளும் பார்க்கவே கூட்டம் வந்தது. வீதி நாடகத்திலோ செட் என்பதே கிடையாது.

நடிகர் கையால் தொட்டுப் பயன்படுத்தும் பொருள்கள் பிராப்பர்ட்டி, சுருக்கமாகப் பிராப். நம் காட்சியில் பேனா, பத்திரம், பூ, நூல், அரிக்கேன். எளிமையாகத் தெரிகிறது, இல்லையா? பத்திரத்தில் ஒவ்வொரு முறையும் தம்பி கையெழுத்துப் போடுகிறான், ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதிதாக ஒன்று வேண்டும். பூவும் அப்படியே. பேனா எழுதவேண்டும், மை தீர்ந்திருந்தால் நடிகர் மாட்டிக்கொள்வார், அதனால் இரண்டாவது பேனா மேசையிலேயே ஒளிந்திருக்கும். விங்ஸுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு, அதன்மேல் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் வரைந்து பெயர் எழுதிவிடுவார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எது காணோம் என்று தூரத்திலிருந்தே தெரியும். பிராப் பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் அந்த மேசையைத் தொடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

உடை வடிவமைப்பாளர் அம்மாவின் புடவை நிறத்தை முடிவுசெய்யும்போது ஒளி அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால், ஒத்திகையில் அழகாக இருந்த நீலப் புடவை மஞ்சள் ஒளியில் அழுக்காகத் தெரியும். ஒப்பனையும் அப்படித்தான்: பத்தாவது வரிசைக்குத் தெரியவேண்டும், முதல் வரிசைக்கு வேஷம் போட்ட மாதிரி இருக்கக்கூடாது.

ஒளிதான் இந்தக் காட்சியின் உயிர். விளக்குகளில் கூர்மையான வட்டம் தருவது ஸ்பாட், ஓரங்கள் மங்கிப் பரவுவது ஃபிரெனல், பெரும்பாலான குழுக்களுக்குக் கட்டுப்படியாவது பார் லைட். முன்னால் வைக்கும் நிறத்தாளை ஜெலட்டின் என்பார்கள். ஒளியைக் கூட்டிக் குறைப்பது டிம்மர். எல்லாம் ஒரேயடியாக அணைந்தால் பிளாக் அவுட், மெதுவாகக் குறைந்தால் ஃபேடு.

கரண்ட் போவதற்கு பிளாக் அவுட் போட்டால் போதும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பார்வையாளர்கள் கைதட்டிவிடுவார்கள். ஆகவே முழு இருட்டாக இல்லாமல் ஜன்னல் வழியாக வரும் மெல்லிய நீல ஒளியை விட்டுவைக்க வேண்டும். ஆனால் அந்த ஒளியில் பத்திரத்தை எடுக்கும் கை தெரிந்துவிடக்கூடாது. அடுத்த சிக்கல் அரிக்கேன். நிஜ விளக்கின் ஒளி முகத்துக்கே போதாது, மேடையில் நெருப்புக்குப் பல அரங்கங்கள் அனுமதியும் தருவதில்லை. விளக்குக்குள் சின்ன பல்பு வைத்துவிட்டு, அம்மா நடந்துவர நடந்துவர மேலேயிருந்து ஒரு செம்மஞ்சள் ஒளியை டிம்மரில் கூட்டிக்கொண்டே வரவேண்டும். அம்மாவின் நடையும் ஒளி இயக்குபவரின் விரலும் ஒன்றாகப் போகவேண்டும். சரியாக அமைந்தால் அந்த ஒளி அரிக்கேனிலிருந்தே வருவதாக எல்லோரும் நம்புவார்கள்.

ஒலியில் ஒரு சின்ன யோசனை போதும். காட்சி தொடங்கியதிலிருந்து மின்விசிறி ஓடும் சத்தத்தை மிக மெல்ல ஓடவிட்டு, கரண்ட் போகும்போது அது இழுத்து இழுத்து நிற்கவேண்டும். அதுவரை சத்தம் இருந்ததே தெரியாதவர்களுக்கு, நின்றதும் காது திறந்துகொள்ளும். தவளைச் சத்தமெல்லாம் சேர்த்தால் அதிகமாகிவிடும். ஸ்பெஷல் நாடகத்தின் ஆல்ரவுண்டர் இத்தகைய சத்தங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே செய்துவிடுவார். நடிகர் என்ன செய்யப்போகிறார் என்று ஒத்திகையே இல்லாமல் கண்ணால் பார்த்து வாசிப்பவர் அவர், ரெகார்டிங்கால் அது முடியாது.

மேடை நிர்வாகியின் பிரதி

இப்போது அந்த இருட்டு மூலைக்குப் போவோம். ஒளி, ஒலி, திரை, நடிகரின் நுழைவு எல்லாவற்றுக்கும் ஒரு கணம் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணத்துக்கான சைகைதான் க்யூ. அது வசனமாக இருக்கலாம், அசைவாக இருக்கலாம், ஒரு சத்தமாகவும் இருக்கலாம். தம்பியின் பேனா காகிதத்தில் பட்டது என்பது ஒரு க்யூ. அந்த ஒரே கணத்தில் ஒளி மாறவேண்டும், மின்விசிறிச் சத்தம் நிற்கவேண்டும், அம்மா எழவேண்டும்.

மூன்று பேரும் தாமாகவே பார்த்துச் செய்தால் மூன்றும் மூன்று நேரத்தில் நடக்கும். அதனால் ஒருவர்தான் சொல்லவேண்டும். மேடை நிர்வாகியின் பிரதியில் எல்லா நகர்வுகளும், எல்லா க்யூக்களும் எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். இலங்கையில் இவரை மேடை முகாமையாளர் என்பார்கள். க்யூவுக்கு இரண்டு மூன்று வரிகள் முன்னாலேயே ஹெட்செட்டில் 'லைட் 12, சவுண்ட் 5, ரெடி' என்பார். அந்தக் கணம் வந்ததும் 'கோ'. 'கோ' என்ற வார்த்தையை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டார். 'எங்கே போச்சு கோந்து' என்று கேட்டுவிடக்கூட முடியாது என்று நாடகக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒத்திகை நாட்களில் இவர் வேலை சலிப்பானது. நேரத்துக்கு எல்லோரையும் வரவைப்பது, தரையில் டேப் ஒட்டி மேசையும் தூணும் எங்கே என்று குறிப்பது, இயக்குநர் காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிட்டு வேறு சொன்னால் பழைய குறிப்பைக் காட்டுவது. நாடகத்துக்கு முந்தைய நாட்களில் டெக்னிக்கல் ஒத்திகை நடக்கும்போதுதான் இவர் அருமை தெரியும். அன்று நடிப்பு முக்கியமில்லை. ஒரு க்யூவிலிருந்து அடுத்த க்யூவுக்குத் தாவித் தாவிப் போவார்கள். கரண்ட் போகும் அந்த அரை நிமிடத்தை இருபது முறைகூடத் திரும்பச் செய்யவேண்டி வரலாம். நடிகர்களுக்குக் கோபம் வரும், பசி வரும். அதற்குப் பிறகு உடை, ஒப்பனையோடு நிற்காமல் ஓட்டிப் பார்ப்பது முழு ஒத்திகை.

நாடக நாளில் முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி என்று அடிப்பார்கள். மூன்றாம் மணிக்கு அப்புறம் யார் என்ன முடிவெடுக்க வேண்டும் என்றாலும் மேடை நிர்வாகிதான். அண்ணன் வேடக்காரர் நான்கு வரி தாவிவிட்டால், அந்த நான்கு வரிக்குள் இருந்த க்யூவை விடுவதா, பின்னால் சேர்ப்பதா என்று ஒரு நொடியில் முடிவு செய்யவேண்டும். அரங்கத்தில் நிஜமாகவே கரண்ட் போய்விட்டாலும் அவர்தான் முடிவு செய்யவேண்டும். நம் காட்சியில் அப்படி நடந்தால் யாருக்கும் சந்தேகமே வராது என்பது வேறு விஷயம்.

வெளிப்புறத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். பணம் திரட்டி, அரங்கம் பிடித்து, கணக்குப் பார்ப்பவர் தயாரிப்பாளர். சபா முறையில் சபா உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், சபா குழுவை அழைத்து நாடகத்துக்குத் தொகை கொடுக்கும். சபாச் செயலாளருக்குப் பிடிக்கவேண்டும் என்பது குழுக்களுக்குப் பெரிய கவலை. டிக்கெட் கிழிப்பவர், தாமதமாக வருகிறவரைக் காட்சி மாறும்வரை வாசலில் நிறுத்தி வைப்பவர் ஆகியோரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். சிறிய குழுக்களில் இவர்கள் எல்லோரும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு, பெரும்பாலும் அது இயக்குநரின் மைத்துனர்.

நாடகம் முடிந்ததும் செட்டைப் பிரித்து, விளக்குகளை இறக்கி, வண்டியில் ஏற்றுவதற்கு ஸ்டிரைக் என்று பெயர். பிரபலமாகிவிட்ட நடிகர்கள் இந்த நேரத்தில் காணாமல் போய்விடுவார்கள். மேடை நிர்வாகி அன்றைய குறிப்பை எழுதுவார்: எந்தக் காட்சி எத்தனை நிமிடம் ஓடியது, எந்த க்யூ தாமதமானது, என்ன உடைந்தது, எதை வாங்கவேண்டும். மறுநாள் எல்லோரும் வேலை தொடங்குவது அந்தக் காகிதத்திலிருந்துதான்.

நாடகக் குழுவில் சேர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் நடிக்க வாய்ப்பு கேட்டுத்தான் வருவார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி மாதிரி முறையாகப் பயிலும் இடங்கள் உண்டு. அதற்கெல்லாம் நேரமில்லாதவர்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு குழுவிடம் போய், ஒரு நாடகத்துக்கு மட்டும் பிராம்ப்ட் செய்கிறேன், அல்லது பிராப் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். நடிக்க ஆள் நிறைய வரும், இந்த வேலைகளுக்கு வராது, அதனால் பெரும்பாலும் உடனே சேர்த்துக்கொள்வார்கள். மேலே சொன்ன சொற்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே காதில் விழும். போகும்போது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், சத்தம் போடாத செருப்பாகவும் இருக்கட்டும்.